தராசுல 62.40, ஸ்கிறீன்ல 6.0: யூஎஸ்பி கோட்ல பிழை தேடுற தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டத ஆறுதலா ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். மத்தவங்களுக்கும் விளங்கட்டும் எண்டு முதல்ல சுருக்கமாச் சொல்லிர்றன். சம்மாந்துறையில ஒரு நெல்லு மில்லுக்கு நீங்க பைதன்ல புறோகிராம் ஒண்டு எழுதியிரிக்கீங்க, தராசுல இருந்து எஃப்டீடீஐ சிப் உள்ள, தராசோட சீரியல் சிக்னல யூஎஸ்பிக்கு மாத்துற கன்வேட்டர் கேபிளால நிறைய எடுத்து பில் பிறிண்டர்ல துண்டு அடிச்சுக் குடுக்கிற வேலை, கொம்பியூட்டர்ல உபுண்டு எண்ட லினக்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுது. களுவாஞ்சிக்குடியில உங்கட வீட்டுல ஆர்டுயினோ எண்ட சின்ன எலக்ட்ரோனிக் போர்ட் ஒண்ட தராசு மாதிரி வைச்சு ஒரு கிழமை டெஸ்ட் பண்ணினீங்க, ஒரு பிழையும் இல்ல. மில்லுல கொண்டு போய்ப் போட்டா 65.30 சரியா வருது, 62.40 நிறுத்தா 6.0 எண்டு வருது, சிலநேரம் 65 மட்டும் வந்து 30 தனியாப் பின்னால வருது, மில் மோட்டரப் போட்ட உடன நிறை அசையாம அப்பிடியே நிண்டுருது, பிறிண்டருக்கு எழுதினா ரிசோஸ் பிஸி எண்டு எரர் அடிக்குது. அண்ணே, கோட்ல எந்த வரி பிழை எண்டு கேட்டிரிக்கீங்க.

ஒரு வரி இல்ல தம்பி. நாலு வேற வேற பிழை ஒரே நாள்ல ஒண்டாச் சேந்து வந்து நிக்கிறதால ஒரே நோய் மாதிரித் தெரியிது. ஒண்டு தராசோட கதைக்கிற முறையில, ஒண்டு நீங்க வாசிக்கிற விதத்துல, ஒண்டு வயர்ல, ஒண்டு ஒப்பரேட்டிங் சிஸ்டத்துல. இது எல்லாத்துக்கும் மேல ஒரு அஞ்சாவது இரிக்கு, அதக் கடைசியாச் சொல்லுறன், அதுதான் எனக்கு வயித்தக் கலக்கினது.

யூஎஸ்பி வேலையில ஆக்கள் நேரத்த வீணாக்கிற இடம் எது எண்டா, எரர் வந்த உடன கோட்டத் திறந்து டைம்அவுட்ட மாத்துறது, ஸ்லீப் ஒண்டு போடுறது, லைப்ரரிய மாத்துறது, இப்பிடிக் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தடவுறதுதான். வயர்ல இருந்து மேல மேல வரணும். கேபிள் நல்லமா, கொம்பியூட்டர் சாமானக் கண்டதா, ட்ரைவர், அதாவது சாமான ஓட்டுற சிஸ்டம் புறோகிராம், எது பிடிச்சிரிக்கு, போட்ட, அதாவது சாமானோட கதைக்கிற வாசல, திறக்க அனுமதி இரிக்கா, வாற பைட் என்ன, மறுகாத்தான் நம்மட கோட். ஒவ்வொரு படியிலயும் இதுவரைக்கும் சரி எண்டு கண்ணால கண்டாப் பிறகுதான் அடுத்த படி.

முதல் படிக்கு கோட்டே தேவல்ல. டேர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி கட்டளையப் போட்டா கொழுவியிருக்கிற சாமான் எல்லாம் ரெண்டு நம்பரோட வரும், ஒண்டு கொம்பனி நம்பர் மத்தது சாமான் நம்பர். உங்கட எஃப்டீடீஐ கேபிள் 0403, 6001 எண்டு வரணும். ஆர்டுயினோ குளோன் போர்ட்டுல வாற சீஎச்340 சிப் எண்டா 1ஏ86, 7523. இந்த நம்பர் வரல்ல எண்டா கோட்டத் தொடவே வேணாம், கேபிள மாத்துங்க. மட்டக்களப்பு டவுன்ல மலிவா வாங்குற ஃபோன் கேபிள் சிலதுல சார்ஜ் பண்ணுற ரெண்டு வயர் மட்டுந்தான் ஓடும், டேட்டா வயர் ரெண்டும் இருக்காது, லைட் எரியும் ஆனாக் கொம்பியூட்டருக்கு ஒண்டும் தெரியாது. அதோட நம்மட கரையோரத்து உப்புக்காத்து இரிக்கே, கல்லடியில என்ட வீட்டுல ஒரு வருசம் சும்மா கிடந்த கேபிளோட மூக்கப் பாத்தா பச்சை பிடிச்சிரிக்கும். கொழுவும், ஆனா ஆட்டினா விட்டு விட்டு வரும். சந்தேகம் எண்டாத் தூக்கி எறிஞ்சிட்டு வேற ஒண்டக் கொழுவிப் பாருங்க.

ரெண்டாவது டீமெசேஜ், அதாவது ஒப்பரேட்டிங் சிஸ்டத்தோட நடுப்பகுதியான கேர்னல் என்ன சொல்லுது எண்டு காட்டுற கட்டளை. அதுக்குப் பின்னால டபிள்யூ சுவிச்சப் போட்டு ஒரு விண்டோவுல திறந்தே வைச்சிரிங்க, நடக்க நடக்க வரும். இதப் பாக்காம யூஎஸ்பி பிழை தேடுறது டோச் இல்லாம இரவுல வயலுக்குப் போற மாதிரி. உங்கட மோட்டர்க் கதைக்கு விடை இதுக்குள்ளதான் இரிக்கு, அதுக்குப் பொறகு வாறன்.

இப்ப 62.40 எப்பிடி 6.0 ஆகுது எண்டு பாப்பம், ஏனெண்டா இது வடிவான பிழை, ஒருக்கா விளங்கினா வாழ்நாளுக்கும் மறக்காது.

சீரியல்ல, அதாவது பிட் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போற முறையில, ஒரு எழுத்து போறதுக்கு வழமையா 10 பிட், தொடக்கத்துக்கு ஒண்டு, டேட்டா 8, முடிவுக்கு ஒண்டு. இதத்தான் 8என்1 எண்டு சொல்லுற, நீங்க பாவிக்கிற பைதன் சீரியல் லைப்ரரி பைசீரியல்ல நீங்க ஒண்டும் சொல்லாட்டி இதுதான் டிஃபோல்ட், ஆர்டுயினோவும் இதே முறைதான், அதாலதான் வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா தராசு கனக்க 7ஈ1 எண்டு வேற முறையில கதைக்கும், டேட்டா 7 பிட், எட்டாவது இடத்துல பரிட்டி பிட். அதுவும் மொத்தம் 10 பிட்தான், அதால நீளம் பொருந்துது, போட் திறக்குது, எரர் ஒண்டும் வராது, எழுத்தும் வருது. ஈவன் பரிட்டி எண்டா என்ன, அந்த எழுத்துல இருக்கிற ஒண்டுகளோட எண்ணிக்கை இரட்டையா வரணும் எண்டு பரிட்டி பிட்ட 0 அல்லது 1 ஆக்குற. ஏற்கனவே இரட்டை எண்டா 0, எழுத்து மாறாம வரும். ஒற்றை எண்டா 1, நீங்க 8 பிட்டா வாசிக்கக்குள்ள அந்த 1 எட்டாவது டேட்டா பிட்டா ஏறி எழுத்தையே மாத்திரும்.

கையால கணக்குப் பாத்தன். 0, 3, 5, 6, 9 இந்த அஞ்சு இலக்கத்துக்கும் ஒண்டுகள் இரட்டை, அதால சுத்தமா வரும். 1, 2, 4, 7, 8 இந்த அஞ்சும் ஒற்றை, அதால கெட்டுப் போய் வரும், ஹெக்ஸ்ல, அதாவது பைட்ட எழுதுற 16 அடி எண் முறையில, 2 எண்ட எழுத்து 32 ஆ வர வேண்டியது பீ2 ஆ வரும். இப்ப உங்கட 65.30 ஐப் பாருங்க, 6, 5, 3, 0 நாலும் நல்ல பிள்ளைகள், புள்ளியும் இரட்டைதான். அதால சரியா வந்திரிக்கு. 62.40 ல 2 உம் 4 உம் கெட்டது. கெட்ட பைட் வந்தா அத எழுத்தா மாத்தக்குள்ள பைதன் டிகோட் எரர் அடிச்சு உங்கள நிப்பாட்டியிருக்கணும், நீங்க என்ன செஞ்சிரிக்கீங்க, டிகோட் பண்ணுற இடத்துல எரர்ஸ் ஈக்குவல் இக்னோர் எண்டு போட்டு வைச்சிரிக்கீங்க. அது அந்த ரெண்டு இலக்கத்தையும் சத்தம் போடாமத் தூக்கி எறிஞ்சிட்டு மிச்சத்த ஒட்டிக் குடுத்திரிக்கு, 6 புள்ளி 0. 71.85 ஒண்ட நிறுத்துப் பாருங்க, 7 போகும் 1 போகும் 8 போகும், புள்ளி அஞ்சு மட்டும் மிஞ்சும்.

திருத்துற லேசு. போட்டத் திறக்கக்குள்ள பைட் சைஸ் 7, பரிட்டி ஈவன், ஸ்டொப் பிட் 1 எண்டு குடுங்க. ஆனா தராசோட புத்தகத்தையும் தராசோட மெனுவையும் ரெண்டையும் பாருங்க, ஏனெண்டாப் புத்தகத்துல ஒண்டு இரிக்கும், முதல் பாவிச்ச ஆள் செட்டிங்ல வேற ஒண்ட மாத்தி வைச்சிரிப்பார். உங்கட போட்டோவுல 2400 போட், அதாவது செக்கனுக்கு 2400 பிட் வேகம், எண்டு தெரியிது, அது சரியாத்தான் இரிக்கும், போட் வேகம் பிழை எண்டா ஒரு இலக்கமும் ஒழுங்கா வராது, எல்லாமே குப்பையா வரும். பாதி சரி பாதி குப்பை எண்டா பரிட்டியப் பாருங்க, முழுக்கக் குப்பை எண்டா வேகத்தப் பாருங்க, ஒண்டுமே வரல்ல எண்டாப் பின்னுக்கு நம்பர் ரெண்டும் மூண்டும், அதாவது அனுப்புற வயரும் எடுக்கிற வயரும், மாறிக் கிடக்கா எண்டு பாருங்க.

எந்தச் சாமானோட கதைக்கிறதாயிருந்தாலும் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒண்டு இரிக்கு. டிகோட் பண்ணாம, வெட்டாம, வாற பைட்ட அப்பிடியே ஹெக்ஸ்ல பிறிண்ட் பண்ணி ஒரு ஃபைலுல 50 வரி பிடிச்சு வைங்க. ஸ்கிறீன்ல அழகா வாற எழுத்த நம்ப வேணாம், பைட்டத்தான் நம்பணும். அந்த ஃபைல் உங்கட கையில இருந்திருந்தா பீ2, பீ4 எண்டு வாறதக் கண்ட உடன உங்களுக்கே விளங்கியிருக்கும்.

அடுத்தது 65 தனியா 30 தனியா வாற கதை. இது முழுக்க நம்மட பக்கத்துப் பிழை. நீங்க ரீட்லைன் எண்டு கேட்டா ஒரு முழு வரி வரும் எண்டு நினைச்சிரிக்கீங்க, பெயரும் அப்பிடித்தான் சொல்லுது. ஆனா பைசீரியல்ல டைம்அவுட் ஒண்டு வைச்சா அடுத்த எழுத்து அந்த நேரத்துக்குள்ள வராட்டி அதுவரைக்கும் வந்தத உங்கட கையில தந்துட்டுப் போயிரும், எரர் ஒண்டும் சொல்லாது. நீங்க டைம்அவுட் 20 மில்லி செக்கன் வைச்சிரிக்கீங்க, ஸ்கிறீன் இறுகாம இருக்கணும் எண்டு.

இப்ப கணக்கப் பாருங்க. 2400 போட் எண்டா ஒரு எழுத்துக்கு 4 மில்லி செக்கனுக்கு மேல போகுது. உங்கட தராசு அனுப்புற வரியில கடைசி ரெண்டு கட்டுப்பாட்டு எழுத்தையும் சேத்து 16 எழுத்து இரிக்கு, அது முழுசா வர 67 மில்லி செக்கன் அளவு ஆகும். இந்தக் கேபிள்ல இருக்கிற சிப் ஒவ்வொரு எழுத்தா கொம்பியூட்டருக்கு அனுப்பாது, கொஞ்சம் சேத்து வைச்சு 16 மில்லி செக்கனுக்கு ஒருக்கா அனுப்பும், அதுதான் அதோட டிஃபோல்ட். அதால ஒரு வரி நாலு அஞ்சு துண்டாத்தான் வருது, துண்டுக்கும் துண்டுக்கும் இடையில 16, உங்கட பொறுமை 20. நாலு மில்லி செக்கன்ல தொங்குது எல்லாம். மில்லுல இருக்கிற பழைய கொம்பியூட்டர் வேற வேலையில ஒருக்கா இழுபட்டாப் போதும், வரி நடுவுல அறுந்துரும். வீட்டுல ஏன் வரல்ல எண்டா ஆர்டுயினோ 1,15,200 போட்ல அதே 16 எழுத்த ஒன்றரை மில்லி செக்கன்ல தள்ளி முடிச்சிரும், அறுகிறதுக்கு இடமே இல்ல.

டைம்அவுட்ட 200 ஆக்கினா பிழை தெரியாமப் போகும், ஆனா செத்துப் போகாது. சரியான வழி, வரிய வாசிக்கிற வேலைய நீங்களே கையில எடுங்க. வாற பைட்ட எல்லாம் ஒரு பஃபர்ல, அதாவது சேத்து வைக்கிற இடத்துல, போட்டுக்கிட்டே போங்க, வரி முடிவு எழுத்து வந்தா மட்டும் அதுவரைக்கும் வெட்டி எடுங்க, மிச்சத்த அடுத்த வரிக்கு எண்டு பஃபர்லயே விடுங்க. இத ஒரு தனித் திரெட்ல, அதாவது புறோகிராமுக்குள்ளயே பக்கத்துல ஓடுற தனி வேலையா, ஓட விட்டா ஸ்கிறீனும் இறுகாது. போட்டத் திறந்த உடன வாற முதல் வரிய எப்பவும் கணக்கெடுக்க வேணாம், நீங்க நடுவுல புகுந்திரிப்பீங்க. யூஎஸ்பில எந்தச் சாமானுக்கும் இது பொருந்தும், நீங்க கேக்கிற அளவுக்கும் வந்து சேர்ற அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, எத்தனை பைட் வந்தது எண்டு ஒவ்வொரு தரமும் பாக்கணும்.

இனி மோட்டர். இதுலதான் கோட்டுக்கும் வயருக்கும் இடையில கனக்கப் பேர் அலைஞ்சு திரியிற.

மோட்டர் போட்ட நேரம் டீமெசேஜ் பாத்தீங்களா எண்டு கேட்டதுக்கு நீங்க ஒரு போட்டோ அனுப்பினீங்க, அதுல டிசேபிள்ட் பை ஹப், ஈஎம்ஐ கேள்விக்குறி, ரீஎனேபிளிங் எண்டு ஒரு வரி இரிக்கு. கேர்னலே கேள்விக்குறியோட சொல்லுது, மின்காந்த இரைச்சலால ஹப், அதாவது யூஎஸ்பி ஓட்டைகளப் பிரிச்சுக் குடுக்கிற பகுதி, இந்தப் போட்ட வெட்டி விட்டுட்டுது போல, நான் திரும்ப எழுப்புறன் எண்டு. அதுக்குக் கீழ எரர் மைனஸ் 71 எண்டும் வருது, அது வயர்ல வந்த சிக்னல் விளங்கல்ல எண்டதுக்கு. மைனஸ் 110 வந்தா சாமான் பதிலே சொல்லல்ல எண்டு அர்த்தம். இந்த மாதிரி வரி கண்டா உங்கட பைதன் கோட்ட மூடி வைச்சிட்டு மில்லுக்குள்ள இறங்கி வயரோட வயரா நடந்து பாருங்க.

நீங்க சொன்னபடி நிறுக்கிற இடத்துல இருந்து கந்தோர் மேசை வரைக்கும் 10 மீற்றர், யூஎஸ்பி எக்ஸ்டென்சன் ரெண்ட ஒட்டி இழுத்திரிக்கீங்க, அதுவும் மோட்டருக்குப் போற கரண்ட் வயரோட சேத்து ஒரே குழாய்க்குள்ள. தம்பி, யூஎஸ்பி 2.0 வுக்கு ஒரு கேபிள் ஆகக் கூட 5 மீற்றர்தான். பெரிய மோட்டர் எடுக்கிற நேரம் இழுக்கிற கரண்ட் ஓடக்குள்ள இழுக்கிறத விடப் பல மடங்கு, அந்த ஒரு கணத்துல பக்கத்துல போற மெல்லிய டேட்டா வயர்ல என்ன ஏறும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு ஒரு லேசான வழி இரிக்கு. தராசுல இருந்து வாறது யூஎஸ்பி இல்ல, ஆர்எஸ்232 எண்ட பழைய சீரியல் முறை. அது வோல்டேஜ் கூடின முரட்டுச் சிக்னல், 2400 போட் வேகத்துல 15 மீற்றர் தாராளமாப் போகும். அதால கன்வேட்டரத் தராசடியில வைக்காம கொம்பியூட்டரடிக்குக் கொண்டு வாங்க, யூஎஸ்பி அரை மீற்றர் போதும், நீளத்த எல்லாம் ஆர்எஸ்232 பக்கத்துல விடுங்க, ஷீல்ட் உள்ள கேபிளா வாங்குங்க. மோட்டர் வயர்ல இருந்து எட்ட இழுங்க, கட்டாயம் கடக்கணும் எண்டா நேர் குறுக்காக் கடக்க விடுங்க, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு ஓட விட வேணாம். இதுக்கு மேலயும் வந்தா லெப்டொப் ஒண்டக் கொண்டு போய் சார்ஜரக் கழட்டிட்டு பற்றரியில ஓட விட்டு மோட்டரப் போட்டுப் பாருங்க. பற்றரியில பிரச்சினை இல்ல, சார்ஜர் கொழுவினா வருது எண்டா ரெண்டு பிளக்குக்கும் இடையில எர்த் வழியா ஏதோ ஓடுது, அப்ப ரெண்டு பக்கத்துக் கரண்டையும் பிரிச்சு வைக்கிற யூஎஸ்பி ஐசோலேட்டர் ஒண்டு வாங்கி நடுவுல போடணும், வேற குறுக்கு வழி இல்ல.

வயரத் திருத்தினாலும் என்னைக்காவது ஒரு நாள் கேபிள் கழரும், கரண்ட் போகும், யாராவது காலால இடறுவாங்க. அதுக்கு கோட் ஆயத்தமா இருக்கணும். இப்ப என்ன நடக்குது எண்டா, சாமான் ஒருக்கா விட்டுட்டுத் திரும்ப வரக்குள்ள பழைய பெயர உங்கட புறோகிராம் இன்னும் பிடிச்சுக்கிட்டு இரிக்கு, அதால கேர்னல் அதுக்குப் புதுப் பெயர் குடுக்குது, டீடீவையூஎஸ்பி 0 போய் 1 ஆகிருது. நீங்க 0 வையே பாத்துக்கிட்டு இரிக்கீங்க. எரர் வந்த உடன முதல் வேலை போட்ட மூடுற. மறுகா ஒரு செக்கனுக்கு ஒருக்காத் திரும்பத் திறந்து பாக்கிற. பெயரையும் 0 எண்டு இறுக்கி எழுதாம டெவ் சீரியல் பை-ஐடி எண்டு ஒரு ஃபோல்டர் இரிக்கு, அதுக்குள்ள சிப்போட சீரியல் நம்பரோட ஒரு நிரந்தரப் பெயர் இரிக்கும், அதக் குடுங்க. எஃப்டீடீஐ சிப்புல இந்த சீரியல் நம்பர் வழமையா இரிக்கும். சீஎச்340 மலிவுக் கேபிள்ல கனக்க இருக்காது, அப்ப எந்த ஓட்டையில கொழுவியிரிக்கு எண்டதப் பாக்கிற பை-பாத் ஃபோல்டர் உதவும்.

சீஎச்340 எண்ட உடன ஞாபகம் வருது. உபுண்டு 22.04 ல அந்தச் சிப்ப இதே 1ஏ86, 7523 நம்பரோட கொழுவினா, பார்வை இல்லாதவங்க பாவிக்கிற பிரெய்ல் கருவி எண்டு நினைச்சு பீஆர்எல்டீடீவை எண்ட சேவை வந்து பிடிச்சிரும், போட் வந்த மாதிரி வந்து ஒரு செக்கன்ல காணாமப் போகும். உங்கட கேபிளுக்கு இது பொருந்தாது, ஆனா போட் வருதில்ல எண்டு கேக்கிற பொடியன்கள் பாதிப் பேருக்கு நான் சொல்லுற விடை இதுதான். அந்தக் கருவி தேவைப்படாத கொம்பியூட்டர் எண்டா அந்தப் பெக்கேஜக் கழட்டினாச் சரி.

பிறிண்டருக்கு வாங்க. ரிசோஸ் பிஸி, எரர் நம்பர் 16, அதுக்கு அர்த்தம் வேற ஒராள் ஏற்கனவே அந்த சாமானப் பிடிச்சிரிக்கார் எண்டுதான். லினக்ஸ்ல பில் பிறிண்டரக் கொழுவின உடன யூஎஸ்பிஎல்பி எண்ட கேர்னல் ட்ரைவர் போய்ப் பிடிச்சுக்கும், நீங்க பையூஎஸ்பி, அதாவது யூஎஸ்பி சாமானோட நேரடியாக் கதைக்கிற பைதன் லைப்ரரி, வழியா அதே கதவத் தட்டினா உள்ள ஆள் இரிக்கு எண்டு சொல்லுது. கேர்னல் ட்ரைவரக் கழட்டுற கட்டளை ஒண்டு பையூஎஸ்பில இரிக்கு, அதப் போட்டா வேலை செய்யும். ஆனா என்னைக் கேட்டா உங்களுக்குப் பையூஎஸ்பியே தேவல்ல. அந்த ட்ரைவர் டெவ் யூஎஸ்பி எல்பி0 எண்டு ஒரு ஃபைல் திறந்து தந்திரிக்கு, பைதன்ல சாதாரண ஃபைல் திறக்கிற மாதிரி பைனரியாத் திறந்து பிறிண்டருக்குக் குடுக்கிற அதே பைட்ட எழுதினா அடிச்சுத் தரும். எண்ட்பொயிண்ட், அதாவது சாமானுக்குள்ள டேட்டா போற வாற பாதை, அதோட நம்பர் தேடத் தேவல்ல, டைம்அவுட் இல்ல, ஒரு கரைச்சலும் இல்ல.

ட்ரைவரே இல்லாத சாமான் எண்டாத்தான் நேரடியா இறங்கணும். அப்பிடி இறங்கினா எண்ட்பொயிண்ட் நம்பர வேற ஆளோட கோட்ல இருந்து கொப்பி அடிக்க வேணாம், சாமான் தன்னைப் பத்திக் குடுக்கிற விவரப் பட்டியல், அதாவது டிஸ்கிரிப்டரே சொல்லும், ஹெக்ஸ் 81 மாதிரி 8 ல துவங்கினா அது கொம்பியூட்டருக்கு வாற பாதை, 0 ல துவங்கினா சாமானுக்குப் போற பாதை. போற பாதையில வாசிக்கப் பாத்தா ஒண்டும் வராது. அதோட யூஎஸ்பில சாமான் தானா வாய் திறக்காது, கொம்பியூட்டர் கேட்டாத்தான் பேசும். அதால எரர் 110, டைம்அவுட் வந்தா சாமான் பழுது எண்டு முடிவெடுக்காம, நான் கேக்க வேண்டிய மாதிரிக் கேட்டனா எண்டு முதல்ல பாருங்க. கொம்பனிக்காரன்ட சொஃப்ட்வெயார்ல வேலை செய்யிது, உங்கட கோட்ல இல்ல எண்டா யூஎஸ்பில போற வாறதப் பதியிற வயர்ஷார்க் எண்ட புறோகிராம்ல ரெண்டையும் பிடிச்சுப் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாருங்க, எங்க வித்தியாசம் எண்டு பத்து நிமிசத்துல தெரியும்.

எரர் 13, அனுமதி இல்ல எண்டு வந்தா சுடோ, அதாவது முழு அதிகாரத்தோட ஓட்டுற கட்டளை, போட்டு ஓட்டிப் பழக வேணாம். சீரியல் போட்டுக்கு உங்கட யூசர டயல்அவுட் குறூப்ல சேருங்க, பிறிண்டர் ஃபைலுக்கு எல்பி குறூப், சேத்தாப் பிறகு ஒருக்கா லொக்அவுட் பண்ணி வரணும், இத மறந்துட்டு வேலை செய்யல்ல எண்டு சொல்லுறவங்க கனக்க. மற்றச் சாமானுக்கு, கொழுவின உடன அனுமதி குடுக்கச் சொல்லுற யூடெவ் றூல் ஒரு வரி எழுதினாப் போதும். இன்னொண்டு, துண்டுல விவசாயிட பெயர் தமிழ்ல வரணும் எண்டு மில்காரர் கேப்பார், கேக்கிறது நியாயமும்தான். இந்தப் பிறிண்டர் கனக்கத்துல தமிழ் எழுத்து உள்ளுக்கு இருக்காது, தமிழ அனுப்பினாக் குப்பையா அடிக்கும். வரிய முதல்ல படமா வரைஞ்சு அந்தப் படத்த அனுப்புங்க, அழகா வரும்.

இப்ப அந்த அஞ்சாவது. உங்கட கோட்ல வாசிக்கிற இடத்தச் சுத்தி எக்செப்ட், அதுக்குக் கீழ பாஸ் எண்டு ரெண்டு வரி இரிக்கு. எந்த எரர் வந்தாலும் விழுங்கிட்டுப் போ எண்டு. அதாலதான் மோட்டர் போட்ட உடன நிறை அசையாம நிக்கிது, போட் செத்துப் போச்சு, பைசீரியல் சாமான் கழண்டுட்டுது எண்டு கத்துது, நீங்க அதோட வாயப் பொத்திட்டு கடைசியா வந்த நிறைய ஸ்கிறீன்ல காட்டிக்கிட்டே இரிக்கீங்க.

நானும் இத எழுதினவன்தான் தம்பி. கொஞ்ச வருசத்துக்கு முன்னம் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மில்லுக்கு இதே வேலை செஞ்சு குடுத்தன், இதே எக்செப்ட் பாஸ். பெரும்போகம் வெட்டி முடிஞ்ச நேரம், வாசல்ல ட்ரக்டர் வரிசையா நிக்குது, மூடை மூடையா ஏத்தி இறக்குறாங்க, துண்டு அடிச்சுக்கிட்டே இரிக்கு. வயசான ஒரு விவசாயி கையில துண்ட வைச்சுக்கிட்டு கவுண்டரடியில நிண்டார், கண்ணாடியத் தூக்கிப் பாத்தார், மறுகா என்னைப் பாத்து, "மூண்டு மூடையும் ஒரே நிறையா மகன்?" எண்டு கேட்டார். 64.20, 64.20, 64.20. சத்தம் போடல்ல, ஏசல்ல, கேட்டது அவ்வளவுதான். தராசப் போய்ப் பாத்தா அதுல 67 சொச்சம் நிக்குது. கேபிள் எப்பவோ கழண்டிரிக்கு, எப்ப எண்டு எனக்குத் தெரியா. காலையில இருந்து அடிச்ச துண்டுல எது உண்மை எது பழைய நிறை எண்டு பிரிக்க ஒரு வழியும் இல்ல, ஏனெண்டா நான் நேரத்தையும் பதியல்ல. அண்டைக்கு இறக்கின மூடை எல்லாத்தையும் திரும்ப நிறுத்தம், லைட்டப் போட்டுக்கிட்டு இரவு பத்து மணி தாண்டிட்டுது, அந்த மனிசன் முடியும் வரைக்கும் ஒரு ஓரமாக் குந்திக்கிட்டு இருந்தார். அவருக்கு அந்த நெல்லு நாலு மாசத்து வேலை. ஒரு மூடைக்கு மூண்டு கிலோ எண்டா முப்பது மூடைக்குத் தொண்ணூறு கிலோ, அது என்ட ரெண்டு வரி கோட்டால அவர்ட கையில இருந்து போயிருக்கும்.

அதால இத மட்டும் கட்டாயம் செய்யிங்க. எக்செப்ட் பாஸையும் எரர்ஸ் இக்னோரையும் இண்டைக்கே அழிங்க. வரி முழுசா இருக்கணும், ஸ்டேபிள் எண்டதுக்கு உங்கட தராசு முன்னால போடுற எஸ்டி எழுத்தோட துவங்கணும், கேஜீல முடியணும், நடுவுல நீங்க எதிர்பாக்கிற அதே வடிவத்துல இலக்கம் இருக்கணும், ஒண்டு பிசகினாலும் அந்த வரியத் தள்ளுங்க. தள்ளினதையும் லொக் ஃபைலுல நேரத்தோட எழுதி வைங்க, பொறகு பிழை தேட அதுதான் உதவும். முன்னால யூஎஸ் எண்டு வந்தா மூடை இன்னும் ஆடுது எண்டு அர்த்தம், அத எடுக்காதீங்க. ஒரே நிறை அடுத்தடுத்து மூண்டு வரியில வந்தா மட்டும் ஏத்துக்கொள்ளுங்க, இரைச்சல் ஒரு இலக்கத்த மாத்தினாலும் மூண்டு தரம் ஒரே மாதிரி மாத்துறது அருமை. ஒவ்வொரு நிறையோடயும் அது வந்த நேரத்த வைச்சிரிங்க, ரெண்டு செக்கனுக்கு மேல பழசாப் போனா ஸ்கிறீன்ல இலக்கத்த எடுத்துட்டுக் கோடு போடுங்க, பிறிண்ட் பட்டன இறுக்கிப் பூட்டுங்க. ஒரு மூடை அடிச்சாப் பிறகு தராசு ஒருக்கா சைபருக்கு வந்து போனாத்தான் அடுத்த மூடைக்கு இடம் குடுங்க. மில்காரர் வேலை சுணங்குது எண்டு புறுபுறுப்பார், பறவால்ல.

செய்யிற ஒழுங்கு இப்பிடி வைச்சுக்கொள்ளுங்க. எக்செப்ட் பாஸ அழிக்கிறதும் பரிட்டிய மாத்துறதும் இண்டைக்கு வீட்டுல இருந்தே செய்யலாம். ஆர்டுயினோவையும் இனி 2400 போட், 7ஈ1 எண்டு மாத்தி, வரிய வேணுமெண்டே நடுவுல 30 மில்லி செக்கன் நிப்பாட்டி நிப்பாட்டி அனுப்ப விடுங்க, சிலநேரம் அரை வரி, சிலநேரம் குப்பை பைட், ஓடக்குள்ள கேபிளக் கையாலக் கழட்டிக் கொழுவுங்க. இவ்வளவுக்கும் ஒரு பிழை நிறை கூட ஸ்கிறீன்ல வரல்ல எண்டா மில்லுக்குக் கொண்டு போங்க. அங்க போய் முதல் வயர மாத்துங்க, மறுகா மோட்டரப் பத்துத் தரம் போட்டு நிப்பாட்டி, டீமெசேஜ்ல வந்ததையும் ஹெக்ஸ்ல பிடிச்ச 50 வரியையும் அப்பிடியே எனக்கு அனுப்புங்க. போட்டோவா வேணாம், எழுத்தா அனுப்புங்க, பைட்ட எண்ணிப் பாக்கணும்.